கல்யாண வீட்டுப் படம்

பெப்ரவரி 11, 2025 — செவ்வாய்

முப்பத்தெட்டு பாகை வெயில். மெல்பனின் ஓரத்தில், இந்த வெரிபீயில், எங்கள் தெருவில் மரம் என்று சொல்ல இன்னும் ஒன்றும் வளரவில்லை, நட்ட குச்சிகள்தான் நிற்கின்றன. காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. வேலையில் இரண்டு பேர் சுகமில்லை என்று வரவில்லை. பதினாலாம் அறைக் கிழவர் எனக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை அவர்தான்.

எங்கள் முதியோர் இல்லத்துச் சலவை அறைக்குப் புதிதாக ஒரு சீனப் பிள்ளை வந்திருக்கிறாள். மேய்லின். நாற்பது வயதிருக்கும், எனக்கு அது பிள்ளைதான். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் குனிந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறந்ததிலிருந்து நானும் செய்கிற காரியம், எனக்கா தெரியாது? வாய் சும்மா இருக்கவில்லை. "நீ கிறிஸ்தவளா? ஜெபமா பண்ணினாய்?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டுவிட்டேன்.

முகம் வெளுத்துப்போயிற்று. "இல்லை, இல்லை. சாப்பாடு சூடு. ஆறட்டும் என்று பார்த்தேன்."

பெட்டியில் இருந்தது குளிர்ந்த சோறும் வெள்ளரிக்காயும்.

ஏன் பயந்தாள்? நான் கேட்ட விதம் பிழையோ? என்னவர் தேவன் சொல்லுவார், "நீர் சுகம் விசாரிச்சாலே பொலிஸ் விசாரிக்கிற மாதிரி இருக்கும்" என்று. கட்டிய புருஷன் சொல்கிற சொல்லா இது. ஆனால் இன்று நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் உண்மைதான்.

பெப்ரவரி 14 — வெள்ளி

மேய்லினுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல் கொடுத்தேன். உறைப்பில் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, ஆனாலும் இன்னொரு கரண்டி வேண்டும் என்று பெட்டியை நீட்டினாள். எனக்கு இவளைப் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 20 — வியாழன்

இன்று பஸ் வரவில்லை என்று மேய்லின் நின்றாள். காரில் ஏற்றினேன். அவள் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. எங்களுக்குள் ஓடுவது உடைந்த ஆங்கிலம், அவளுடையது இன்னும் கொஞ்சம் உடைந்தது. ஆனால் இன்று எல்லாம் விளங்கியது.

அன்று நான் பார்த்தது சரி. அவள் கிறிஸ்தவள். புருஷன் வென், தங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே ஒரு சபை நடத்தியிருக்கிறான். பதிவு செய்யாத சபை. பதிவு செய்த சபைக்குப் போகலாமே என்று கேட்டேன். அவர்கள் ஊரில் அங்கே சிறுவர்கள் வரக்கூடாதாம், பிரசங்கத்தில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று கட்சி சொல்லுமாம். "என் மகளை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போவதா?" என்றாள். அதனால் வீட்டில் கூடினார்கள். யன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து, பாட்டைப் பாடாமல் முணுமுணுத்து. ஒரு ஞாயிறு பொலிஸ்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். காணிக்கை எடுத்தது மோசடி என்று வழக்கு. வெனுக்கு மூன்று வருஷம் சிறை.

படிக்கும் விசாவில் மகளோடு இங்கே வந்துவிட்டாள். வென் வருகிற யூன் மாதம் வெளியே வரவேண்டும். "அதற்குள் வெளிநாட்டுச் சபையோடு எங்களுக்குத் தொடர்பு என்று ஏதாவது அகப்பட்டால் புது வழக்குப் போடுவார்கள். அவர் வரமாட்டார்." இதைச் சொல்லும்போது அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

மெல்பனில் எத்தனை சீனச் சபை இருக்கிறது, ஒன்றுக்கும் போவதில்லை. பக்கத்தில் இருப்பவர் யார், யாருக்கு என்ன சொல்லுவார் என்று தெரியாதே. இரண்டு வருஷமாக ஒரு ஆராதனையிலும் இருக்கவில்லை.

எனக்கு எங்கே போய் ஆராதிப்பது என்பது ஒரு நாளும் கேள்வியாக இருந்ததில்லை. கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கும் முறுமுறுத்திருக்கிறேன்.

"எங்கள் சபைக்கு வா" என்றேன். "முழுக்கத் தமிழ். உனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் சீனர் ஒருத்தரும் இல்லை, ஒருத்தரும் உன்னைப்பற்றிச் சொல்லப் போவதில்லை."

முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து, யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டாள். என் கணவருக்கும்? கணவருக்கும். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருஷத்தில் தேவனுக்கு நான் மறைத்த முதல் விஷயம் இது. சரி, முதலாவது இல்லை.

பெப்ரவரி 23 — ஞாயிறு

வந்தாள். மகளோடு. ஏமிக்குப் பத்து வயது, முன்பல் இரண்டும் பெரிது, கண் எல்லா இடமும் மேய்கிறது. "வேலையில் கூட இருக்கிற பிள்ளை" என்று மட்டும் தேவனுக்குச் சொன்னேன்.

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை என்பது ஊருக்கே தெரிந்த துக்கம். ஆரம்பப் பள்ளி ஒன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். போதகர் நிற்கிற இடத்துக்கு மேலே பாஸ்கெற்போல் வளையம். மேசையில் ஒரு சின்ன மரச்சிலுவை, ஆராதனை முடிந்த கையோடு அது பெட்டிக்குள் போய்விடும், ஏனென்றால் அந்த மேசையில்தான் சாப்பாடு வைக்கவேண்டும். கோபுரம் வைத்த கோயில் கட்டவேண்டும் என்று கமிற்றி பத்து வருஷமாகக் கூடிக் கூடிக் கலைகிறது. இந்தக் கூத்தை மேய்லினுக்குக் காட்ட எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இருக்க முன் மற்றக் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டாள். தபேலா தொடங்கியதும் திடுக்கிட்டாள், எங்கள் சனம் பாடுகிற சத்தம் அப்படி. என் காதில், "வெளியே கேட்குமே?" என்றாள். கேட்கும் என்றேன். "வெளியே யார்?" வெளியே ரெனிஸ் விளையாடுகிறவர்கள் என்றேன்.

பிறகு சிறுவர்கள் முன்னுக்கு ஓடி வசனம் சொன்ன நேரம், ஒருவன் பாதியில் மறந்துவிட்டு மூக்கைத் தோண்டினான். எல்லாரும் சிரித்தோம். மேய்லின் சிரிக்கவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. அத்தனை பிள்ளைகள், பட்டப்பகலில், கதவு திறந்தபடி. நான் இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளைகளைச் "சத்தம் போடாதையுங்கோ" என்று அதட்டத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 2 — ஞாயிறு

ஐயோ. என்ன செய்துவிட்டோம்.

எழுதி எழுதியாவது மனம் ஆறட்டும். எனக்கு இன்று காலை வேலை, கோயிலுக்குப் போகவில்லை. மேய்லினும் மகளும் தாங்களாகவே பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள், அவ்வளவு ஆசை. இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. புதிதாக வந்தவர்களை எழுப்பி, பெயரும் ஊரும் சொல்லவைத்து, கைதட்டிப் பாட்டுப் பாடி வரவேற்பது எங்கள் வழக்கம். அது போதாதென்று தேவன் செயலாளர் ஆன பிறகு பொன்னாடை வேறு போர்த்துகிறார்கள். எனக்கு இது நினைவே வரவில்லை. நினைவு வராமல் போயிற்றே!

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தேவனுக்கு முகமெல்லாம் பல். "மாக்கிரட், உம்மட சிநேகிதிக்கு இண்டைக்கு ராச மரியாதை" என்று போனை நீட்டினார். புவனேஸ்வரன் அங்கிளுக்கும் அன்ரிக்கும் கலியாணமாகி ஐம்பதாவது வருஷம், அந்தச் சாப்பாடும் இன்றுதான். எல்லாரும் பட்டுச்சேலை. அங்கிளும் அன்ரியும் மாலையும் கழுத்துமாக. அவர்களுக்கு நடுவில் என் மேய்லின், தோளில் சரிகைப் பொன்னாடை. கையில் பாதி கடித்த ரோல்ஸோடு ஏமி. முகம் தெளிவாக. அவ்வளவு தெளிவாக.

"எங்க போட்டனீங்கள்?"

"பேஸ்புக்கில. அறுபது பேருக்கு மேல லைக் பண்ணிட்டினம்."

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சத்தியத்தை உடைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "நீர் எனக்குச் சொல்லேல்லையே! ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே" — அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள், சொல்லாததால் வந்த வினை இது.

சிட்னியில் மகள் நிரூபாவுக்குப் போன் எடுத்தேன். அவள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை. "அம்மா, டேக் இற் டவுன். நௌ. பிறகு அழலாம்." பேஸ்புக்கிலிருந்து எடுத்தோம். ஆனால் இவர் அதற்குள் வட்ஸ்அப்பில் சபைக் குழு, பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழு, ரொறன்ரோ மச்சான்மார் குழு, எல்லாவற்றுக்கும் அனுப்பி முடித்திருந்தார். ஒவ்வொன்றாக அழித்தோம். அழித்தது அழிந்ததா?

ஆண்டவரே, அந்த மனுஷன் வெளியே வரவேண்டும்.

மார்ச் 3 — திங்கள்

மேய்லினுக்குச் சொன்னேன். சலவை அறையில். ஏசுவாள், அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போனேன். படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் மடித்து முடித்தாள். "படம் எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்" என்றாள். பிறகு, "முகம் தெரிகிறதா?"

தெரிகிறது என்றேன்.

விரிப்பின் மறு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக மிச்சத்தை மடித்தோம்.

மார்ச் 7 — வெள்ளி

வெனின் தங்கச்சி வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளி மேய்லினுக்குப் போன் எடுப்பாள். சிறையில் அண்ணனைப் பார்த்த கதை சொல்லுவாள். இன்று எடுக்கவில்லை.

மார்ச் 9 — ஞாயிறு

மேய்லின் வரவில்லை. வருவாள் என்று நானும் நினைக்கவில்லை.

அறிவித்தல் நேரத்தில் தேவன் எழும்பினார். வழக்கமாக மைக் பிடித்தால் விடமாட்டார். இன்று நாலே வரிதான். "போன கிழமை நான் அனுப்பின படத்தை எல்லாரும் தயவுசெய்து அழிச்சுப்போடுங்கோ. ஆருக்கும் அனுப்பியிருந்தா அவையளிட்டயும் சொல்லுங்கோ. ஏன் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. பிழை என்னுடையது" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

எங்கள் சனமாவது கேட்காமல் விடுவதாவது. ஒருவர் வீட்டில் இரண்டு நாள் திரை விலகாவிட்டால் மூன்றாம் நாள் காரணம் தெரியவேண்டும் இவர்களுக்கு. ஆனால் இன்று ஒருவரும், ஒரே ஒருவரும், கேட்கவில்லை. மண்டபம் முழுக்கப் போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வரிசையில் சங்கரி அன்ரி வந்து தன் போனைத் திறந்து காட்டினா. "பார் பிள்ளை, இல்லை. கனடாவில தங்கச்சியையும் அழிக்கப் பண்ணிட்டன். ஒரு படத்தால ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே." அன்ரியின் மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துத்தான். அது இலங்கையில் சண்டை நடந்த காலம், எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. அவர் திரும்பி வரவில்லை. அன்ரி அதை எந்த நாளும் கதைப்பதில்லை.

இந்தச் சனத்தைப்பற்றி நான் எத்தனை முறை வீட்டில் வந்து புறுபுறுத்திருக்கிறேன். இன்றைக்கு ஒவ்வொருவரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. இவர்களுக்காக ஸ்தோத்திரம்.

மார்ச் 19 — புதன்

தேவன் போனைக் குசினியில் கரண்டி வைக்கிற லாச்சிக்குள் போட்டுவிட்டார். சாப்பாடும் குறைவு. முதல் கிழமை நான் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை, அதற்கு இப்போது மனம் வருந்துகிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்த மனுஷன். "எழும்புங்கோ, வைத்தியர் என்ன சொன்னவர்?" என்றேன். "வைத்தியரிட்ட நான் பிறகு கதைக்கிறன்" என்றார்.

பக்கத்தில் நானும் நின்றேன். எழும்ப இரண்டு பேருக்கும் கட்டில் தேவைப்பட்டது.

ஏப்ரல் 4 — வெள்ளி

இந்த மாதமும் தங்கச்சி எடுக்கவில்லை. மேய்லின் எடுத்தால் அந்த இலக்கம் வேலை செய்யவில்லையாம். அவளையும் பிடித்துவிட்டார்களா? மேய்லின் வேலைக்கு வருகிறாள், மடிக்கிறாள், போகிறாள். நாங்கள் அவளுக்கு மரியாதை செய்யத்தானே போனோம்!

ஏப்ரல் 18 — பெரிய வெள்ளி

மூன்று மணிநேர ஆராதனை. இரண்டாவது மணி தொடங்கும்போது பின்கதவு திறந்தது. மேய்லினும் ஏமியும். கடைசி வரிசைக்குப் போகவில்லை, நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

முடிந்து வெளியே வந்ததும், ஏன் வந்தாய், பயமில்லையா என்று கேட்டேன். "பார்க்கிறவர்கள் பார்த்து முடிந்திருப்பார்கள். வீட்டில் இருந்து என்ன பயன்? இன்றைக்கு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை" என்றாள்.

தேவன் தூரத்தில் நின்றார், கிட்ட வரக் கால் வரவில்லை. அவளே போனாள். என்ன சொன்னாளோ தெரியாது, இவர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்ப் பக்கம் நடந்துவிட்டார். பிறகு கேட்டேன். "அங்கிள், பொன்னாடை அழகாயிருக்கு, வீட்டில வச்சிருக்கிறன் எண்டாளப்பா" என்றார்.

ஏப்ரல் 29 — செவ்வாய்

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

எழுத்து கோணுகிறது, கிடக்கட்டும். நேற்று வெனின் தங்கச்சி எடுத்துவிட்டாள். புது இலக்கத்திலிருந்து. மேய்லின் இன்று என்னைச் சலவை அறைக்குள் இழுத்து, இயந்திரத்தைப் போட்டு, அந்த இரைச்சலில் முழுக்கதையும் சொன்னாள்.

படம் போயிருக்கிறது. மார்ச் நடுவில் இரண்டு பேர் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். போனில் அந்தப் படம். யார் அனுப்பினது? மெல்பனா, ரொறன்ரோவா? தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. "உன் அண்ணி வெளிநாட்டில் எந்தச் சபைக்குப் போகிறாள்? இவர்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி படத்தைப் பார்த்தாள். இவ்வளவு பட்டுச்சேலை, நகை, மாலை, கேக், கையில் தட்டு. "சபையா? இது கல்யாண வீடு. அண்ணியோடு வேலை செய்கிற இந்தியப் பெண்ணின் குடும்பம்" என்றாள். நாங்கள் இலங்கை என்று அவளுக்கு யார் சொல்வது, போகட்டும்.

ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தானாம். "மணப்பெண்ணுக்கு எழுபது வயதிருக்கும் போல இருக்கிறதே?"

"அவர்கள் பிந்தித்தான் கட்டுவார்கள்" என்று சொன்னாளாம் தங்கச்சி. புவனேஸ்வரன் அன்ரி இதைக் கேட்டால் என்ன ஆகும்!

அவன் இன்னும் மூலை மூலையாகப் பார்த்திருக்கிறான். சிலுவை இல்லை. பீடம் இல்லை. பிறகு மேலே பாஸ்கெற்போல் வளையம் கண்ணில் பட்டிருக்கிறது. "இது பள்ளிக்கூட மண்டபம்தான்" என்று தானே மற்றவனுக்குச் சொல்லியிருக்கிறான். போகும்போது, "உன் அண்ணி மெலிந்துவிட்டாள்" என்றானாம். தங்கச்சிக்கு அந்தப் பயம் தெளிய இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது, அதனால்தான் பழைய இலக்கத்தையே விட்டுவிட்டாள். வென் சுகம். புது வழக்கு ஒன்றும் இல்லை.

நானும் மேய்லினும் அழுக்குத் துணிக் கூடைக்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம், என்னத்தைச் செய்தோமோ தெரியாது.

பொய் சொன்னவளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லலாமா? போதகரிடம் கேட்க எண்ணவில்லை. நான் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்காக நன்றி. புவனேஸ்வரன் அன்ரியின் மாலைக்காக நன்றி. ஆராதனை முடிந்ததும் சிலுவையைப் பெட்டிக்குள் வைத்துச் சாப்பாட்டை மேசையில் வைக்கிற எங்கள் அவசரத்துக்காக நன்றி. பத்து வருஷமாகச் சண்டைபிடித்து ஒரு கல்லும் வைக்காத எங்கள் கமிற்றிக்காக, சத்தியமாக, நன்றி. கோபுரம் கட்டியிருந்தால் இன்று என்ன கதை?

தேவனுக்குச் சொன்னேன். குசினியில் நின்றபடியே கேட்டார். அடுப்பை அணைத்தார். "அவளுக்கு எங்களை மன்னிக்க ஏலுமாப்பா?" என்றார். மன்னித்து எவ்வளவு நாளாயிற்று, நீங்கள்தான் பார்க்கவில்லை என்றேன்.

மே 18 — ஞாயிறு

கமிற்றிக் கூட்டம். கட்டடக் கதை வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதன்பிறகு தேவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனிப் புதிதாக வருகிறவர்களை எழுப்பி நிறுத்துவதில்லை. தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருந்து, அவர்களாகச் சொன்னதைக் கேட்பது. சிலருக்கு முகம் சுளித்தது. அருந்தவன் போதகர் ஓம், சரி என்றார், நிறைவேறியது.

ஏமி ஞாயிறு பாடசாலையில் சேர்ந்துவிட்டாள். இன்று வசனத்தைத் தமிழில் சொன்னாள். ழகரம் எங்கள் பிள்ளைகளைவிட அவளுக்கு நன்றாக வருகிறது, அது சீனருக்கு லேசோ என்னவோ.

யூன் 12 — வியாழன்

இன்றுதான் வென் வெளியே வரவேண்டிய நாள். தங்கச்சி விடியவே சிறை வாசலுக்குப் போய்விட்டாளாம். மேய்லின் போனை அங்கி உள்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். வேலை முடியும்வரை சத்தமில்லை.

யூன் 13 — வெள்ளி

இல்லை.

யூன் 15 — ஞாயிறு

இன்னும் இல்லை. தங்கச்சியிடமிருந்து ஒரு வரி வந்தது: "வாசலில் அவர் இல்லை. வேறு கதவால் கொண்டுபோனார்களாம். எங்கே என்று சொல்லவில்லை." சில பேரை விடுதலை என்று சொல்லி, விடாமல், விடுதி மாதிரி ஏதோ ஓர் இடத்தில் வைத்திருப்பார்கள் என்று மேய்லினுக்குத் தெரியும். எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஆராதனையில் போதகர் பெயர் சொல்லாமல், "எங்களில் ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் ஜெபித்தார். எங்களில் ஒரு குடும்பம். மேய்லினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தலையாட்டினாள்.

படத்தால்தானோ? கல்யாண வீடு என்று நம்பாமல் விட்டானோ? தேவனும் இதைத்தான் நினைக்கிறார்.

யூன் 18 — புதன்

மழை. மேய்லின் இன்று வேலைக்கு வரவில்லை. பின்னேரம் சோறும் பருப்பும் கொண்டு போனேன். ஏமி கதவைத் திறந்தாள். "அம்மா ஸ்லீப்பிங்" என்றாள். படுத்திருந்தாள், நித்திரை இல்லை. கொஞ்சநேரம் காலடியில் இருந்துவிட்டு வந்தேன்.

யூன் 21 — சனி

நாளைக்குச் சபைச் சாப்பாடு எங்கள் முறை. மேய்லினை வீட்டில் தனியாக விட மனமில்லை, வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்று சாட்டுச் சொல்லி ஏமியோடு கூட்டிவந்தேன். குசினியில் மூன்று பேரும் உரித்தோம். தேவன் ஹோலில் ஹீற்றருக்கு முன்னால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிபோல மேய்லினின் போன் அடித்தது. தங்கச்சியின் இலக்கம். வெங்காயக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல். களைத்த குரல். ஒரு சொல்தான் சொன்னது, ஏமி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் புருஷன் பெண்சாதி கதைக்கிற கதை எனக்கு விளங்காதா? அவன் ஏதோ கேட்டான், இவள் ஏமியின் தலையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னாள். அவன் இருமினான், இவள் அதட்டினாள். ஏமி வாயைத் திறந்து போனுக்குப் பல்லைக் காட்டினாள், போனுக்குக் கண் இல்லை என்பதை மறந்து. ஒருவரும் அழவில்லை. சந்தைக்குப் போய்வந்த ஆட்கள் கதைப்பது போலக் கதைத்தார்கள்.

பிறகு பேச்சு நின்றது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் மேய்லின் கண்ணை மூடியிருந்தாள். ஏமியும். போனிலும் ஒரு சத்தமும் இல்லை, தூரத்தில் ஏதோ வாகன ஹோர்ன் மட்டும் ஒருமுறை கேட்டது. இந்த நேரம் பார்த்துத் தேவன், "என்ன, ஆரப்பா போனில?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, பிள்ளை பக்கத்தில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பேசாமல் ஜெபிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பழக்கமில்லை. இன்று நின்றோம். எவ்வளவு நேரமோ.

வென் கடைசியாக இரண்டு சொல் சொன்னான். மேய்லினும் சொன்னாள். போன் நின்றது.

"ஒரு கிழமை ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள்" என்றாள். "வகுப்பு எடுத்தார்களாம், இனிச் சபை நடத்தமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்களாம். போடவில்லை என்று நினைக்கிறேன், அதைப் போனில் கேட்க முடியாது. நேற்று இரவு தங்கச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு பல் இல்லை. ஏமி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஊரைவிட்டு வெளியே போக இப்போதைக்கு விடமாட்டார்கள். ஆனால் வீட்டில் இருக்கிறார்." வீட்டில் இருக்கிறார் என்பதை இன்னும் ஒருமுறை சொன்னாள்.

"கடைசியில ஏன் பிள்ளை பேசாமல் இருந்தனீங்கள்?" என்று தேவன் தமிழிலேயே கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஜெபம் பண்ணினோம். அவர் அங்கே, நாங்கள் இங்கே. போனைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் லைன் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்."

இவர் முகத்தைத் துடைக்க என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். நான் விட்டேன்.

ஏமி மேசையிலிருந்த போனைத் தூக்கி, திரையை விரலால் தட்டிப் பார்த்தாள். முழுக்க நின்றுவிட்டதா என்று தாயிடம் கேட்டாள். தாய் ஓம் என்று தலையாட்டினாள்.

"அப்ப சரி" என்பது போல நிமிர்ந்து நின்று, குசினி யன்னல் திறந்தபடி, தெருவுக்கே கேட்கச் சொன்னாள் அந்தப் பிள்ளை: "ஆமென்!"

நாங்களும் சொன்னோம். பிறகு இருந்து மிச்ச வெங்காயத்தை உரித்தோம்.